முகமூடியும் குடும்பமும்

அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபாக் 1936-ஆம் ஆண்டு படைத்த 'ஃபேண்டம்', ராணி காமிக்ஸ் வாயிலாகத் தமிழருக்கு 'முகமூடி வீரர் மாயாவி' ஆனார். 1984-இல் தோன்றிய அவ்விதழ் 2005-இல் நின்றுவிட்டது. எனினும் வாசகர்களின் அன்பு இன்றும் குன்றவில்லை. காரணம் யாது?

மாயாவிக்குப் பறக்கும் ஆற்றலோ மறையும் ஆற்றலோ கிடையாது. தந்தைக்குப் பின் மைந்தன் என இருபத்தொரு தலைமுறையாய் ஒரே வேடம் தொடர்வதால், காட்டு மக்கள் அவரைச் சாகாவரம் பெற்றவர் என நம்புகின்றனர். 1977-இல் அவர் டயானாவை மணந்தார். 1979-இல் கிட், ஹெலாய்ஸ் என்னும் இரட்டைக் குழந்தைகள் பிறந்தனர்.

பழைய வாசகர்களிடம் கேட்டேன். விழுப்புரத்திலுள்ள என் மாமா, மண்டையோட்டுக் குகையையும் மோதிரத்தையும் புகழ்ந்தார். திண்டிவனத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன என் அம்மாவோ, "சண்டையெல்லாம் முடிஞ்சு பொண்டாட்டி, பிள்ளைங்களோட இருப்பாரே, அதுதான் எனக்குப் பிடிக்கும்" என்றார். சற்றுப் பொறுத்து, "முகமூடி பையனுக்கு மட்டும்தானா? பொண்ணுக்குக் கிடையாதா?" என்றும் கேட்டார்.

நியாயமான கேள்வி! எங்கள் குலத்தில் எவரும் ஏறாத கல்லூரிப் படியில் அவர் என்னை ஏற்றிவிட்ட காரணம் எனக்கு அன்று விளங்கிற்று. படக்கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள், நண்பர்களே! உங்கள் வீட்டில் அதைப் படித்தவர் எவரேனும் இருந்தால், அவருக்குப் பிடித்தது எது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.