மண்ணின் கணக்கு – 9: மலையில்லாத ஊரில் மண்சரிவு

பாகூரில் ஏது மலை? வயலும் வாய்க்காலும்தான். மண்சரிவுத் தொடரில் இந்த ஊருக்கு என்ன வேலை என்று கேட்கலாம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் மாலை திருவண்ணாமலையில் மலைமண் இறங்கி, வ.உ.சி. நகரில் 7 பேர் இறந்தார்கள். அதற்கு மறுநாள் விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட, தென்பெண்ணை பெருகி பாகூர் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. மலையைச் சரித்த மழைதான் ஆற்றையும் பெருக்கியது. இரண்டு இடத்துக்கும் மண்ணின் கணக்கு ஒன்றே.

இந்தக் கணக்கு மலையில் பிறந்ததும் அல்ல. 1916இல் சுவீடனின் கோத்தன்பர்க் துறைமுகத்தில் படகுத்துறை ஒன்று நீருக்குள் சரிந்தது. சரிந்த பரப்பு ஏறக்குறைய வட்டவில் போலிருப்பதைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். வில்லுக்கு மேலுள்ள மண்ணைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றும் கீழே இழுப்பது எவ்வளவு, பிடித்து நிற்பது எவ்வளவு என்று கூட்டும் முறை அதிலிருந்து வளர்ந்தது. பிடிப்பை இழுப்பால் வகுத்தால் வருவது காப்பு எண். ஒன்றுக்குக் கீழே போனால் மண் இறங்கும்.

மணல் கலந்த ஒரு கரையை எடுத்துக்கொள்வோம். இரண்டடி தள்ளினால் ஓரடி இறங்கும் சரிவு, அதாவது 0.5. மண்ணின் உராய்வு 0.6. காய்ந்திருக்கும்போது காப்பு எண் 1.2, தாங்கும். நீர் மேல்மட்டம் வரை ஊறி, சரிவை ஒட்டி உள்ளே ஓடினால் அதே எண் ஏறக்குறைய 0.6. உராய்வு குறையவில்லை. மண்ணின் எடையில் பாதியை நீரின் அழுத்தம் ஏந்திக்கொள்வதால் துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைந்துவிட்டது. களிமண் கலந்தால் ஒட்டும் தன்மை கொஞ்சம் காப்பாற்றும்.

பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணை நீர் நிரப்பும் பாகூர் ஏரிக்கும், வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரிக்கும் இது பொருந்தும். ஏரி நிரம்பும்போதுதான் எல்லாரும் கரையில் நின்று பார்க்கிறார்கள். உட்புறச் சரிவுக்கு அப்போது வெளிநீரே முட்டுக்கொடுக்கிறது. ஆறோ ஏரியோ மளமளவென்று வடிந்தால் முட்டு போய்விடும். மண்ணுக்குள் ஊறிய நீர் மட்டும் போகாது. எடை அப்படியே, தாங்கல் இல்லை. வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றங்கரை பொத்தென்று விழுவதற்குக் காரணம் இதுதான். வடிந்ததும் மணல்மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். எனக்கு இது கொஞ்சமும் சரியாகப் படவில்லை.

பார்க்க வேண்டியது கரையின் மேல் நீளவாக்கில் ஓடும் விரிசலை. விரல் நுழையும் அகலம்கூட வேண்டாம். அதில் மழைநீர் நின்றால் பக்கவாட்டில் தள்ளும். நிற்கும் ஆழம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு. ஆகவே அடுத்த மழைக்கு முன் அதைத் தோண்டி, களிமண் இட்டு இடித்து மூட வேண்டும்.

(தொடரும்)