வானொலியில் ஒரு நரி வேட்டை

கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒளிந்திருப்பவள் வாய்விட்டுச் சிரித்தால் அகப்பட்டுக் கொள்வாள். நாம் இங்கே சொல்லப்போகும் ஆட்டத்திலோ, ஒளிந்திருப்பது ஓயாமல் கூவும். ஆயினும் அதைக் கண்டுபிடிப்பது எளிதன்று. பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்தும் 'ஹாம்' நண்பர்கள் இதனை நரி வேட்டை என்கிறார்கள். நரி என்பது புதரிலோ மரத்தடியிலோ மறைத்து வைத்த ஒரு சிறு டிரான்ஸ்மிட்டர்.

இதன் சூட்சுமத்தை அறிய வீட்டிலுள்ள பழைய டிரான்சிஸ்டரே போதும். மத்திய அலையில் ஒரு நிலையத்தை வைத்து, பெட்டியை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் பாட்டு தேய்ந்து போகும். பெட்டிக்குள் செம்புக் கம்பி சுற்றிய கறுப்புக் குச்சி ஒன்று உண்டு, அதுதான் ஏரியல். அக்குச்சியின் முனை நிலையத்தை நோக்கும்போது ஒலி குன்றுகிறது. ஒலி மிகும் திசையைத் தேடினால் ஏமாறுவோம். பல பக்கங்களிலும் பாட்டு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். ஒலி அடங்கும் இடமோ மிகக் குறுகியது. ஆகவே வேட்டைக்காரர் செவி சாய்ப்பது மௌனத்துக்கே! ஆனால் குச்சிக்கு முனை இரண்டல்லவா? நாங்கள் செய்து பார்த்தபோது நிலையத்துக்கு நேர் எதிர்த் திசையைக் காட்டிவிட்டு அசடு வழிந்தோம்.

இந்தக் குழப்பம் தீர, இரண்டு இடங்களிலிருந்து பார்க்க வேண்டும். நம் தேர்வாய் கண்டிகையிலேயே நரி ஒளிந்திருப்பதாகக் கொள்வோம். 2020-இல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்தின் கரைமேல் நின்று திசை பார்த்து, வரைபடத்தில் ஒரு கோடு இழுக்கிறோம். பிறகு வெகுதூரம் தள்ளிப் போய் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில்தான் நரி! தொழிற்பேட்டைக்குள் நின்று பார்த்தால் மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும். தகரக் கூரைகளில் பட்டு, சுவரில் அடித்த பந்துபோல வானொலி அலை திரும்பி வந்து பொய்த் திசை காட்டும். வெட்டவெளியான ஏரிக்கரையே நம்பத் தகுந்தது. நரியை நெருங்கிவிட்டாலோ அதன் அலை மிக வலுத்து, எப்பக்கமும் ஒரே இரைச்சலாகிவிடும். அப்போது ஏரியலைக் கழற்றியோ, கருவியை மார்போடு அணைத்துச் சுற்றியோ பார்ப்பார்கள். நம் உடலே ஒரு பக்கத்து அலையை மறைத்துவிடும்.

இவ்விளையாட்டுக்கு முதல் உலகப் போட்டி 1980-இல் போலந்து நாட்டில் நடந்தது. காட்டில் ஐந்து நரிகள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் மோர்ஸ் ஒலி எழுப்பி ஓயும். பெண்களும் வரைபடத்தோடு காட்டுக்குள் ஓடுகிறார்கள்.

ஒரு காலத்தில் இது விளையாட்டாக இருக்கவில்லை. 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போது, சட்டப் படிப்பை விட்டு வந்த 22 வயது உஷா மேத்தா பம்பாயில் தோழர்களோடு காங்கிரஸ் வானொலியை ரகசியமாக நடத்தினார். திசை காணும் கருவி பூட்டிய வண்டிகளில் போலீசார் தேடியலைய, நிலையம் வீடு வீடாக இடம் மாறியது. ஏறத்தாழ மூன்று மாதம் அகப்படவில்லை. முடிவில் காட்டிக் கொடுத்தது கருவியன்று, உடனிருந்த தொழில்நுட்பர் ஒருவர். நவம்பர் 12-ஆம் நாள், ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே உஷா கைதானார்; நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இன்று ஒலிபரப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும். அதற்கான தேர்வைப் 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். நம் ஏழாம் வகுப்புத் தங்கைகளில் பலருக்கு அந்த வயது ஆகிவிட்டது.