பழைய வண்டிக்கு ராஜ மரியாதை! ஹோண்டாவா, கவாசாகியா?

வண்டி பழசானால் விலை குறையும். இது உலக வழக்கம். ஆனால், ஜப்பானில் பிறந்த இரண்டு மோட்டார் சைக்கிள்களின் கதையே வேறு. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அவற்றுக்கு மவுசு குறையவில்லை. பழைய வண்டிகளைச் சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடி அலைகிறார்கள்.

ஒன்று, ஹோண்டா சி.பி. 750. மற்றது, கவாசாகி இசட்-1. இந்த இரண்டில் எது மேல்?

முந்திக்கொண்டது ஹோண்டா

1968-ம் ஆண்டு அக்டோபர் மாதம் டோக்கியோ நகரில் மோட்டார் கண்காட்சி நடந்தது. ஹோண்டா கம்பெனி தன் புதிய வண்டியை அங்கே கொண்டு வந்து நிறுத்தியது. பார்த்தவர்கள் திகைத்தார்கள். வரிசையாக 4 சிலிண்டர்கள்! 67 குதிரை சக்தி! முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்! பட்டனை அழுத்தினால் போதும், எஞ்சின் ஓடும். வேகமோ மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். 1969-ல் அது விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அன்றைய விலை 1,495 டாலர்.

இதைக் கண்டு அதிகம் அதிர்ந்தது கவாசாகி கம்பெனிதான். காரணம், அவர்களும் அதே போன்ற 750 சி.சி. வண்டியை ரகசியமாகத் தயாரித்து வந்தார்கள். ஹோண்டா முந்திவிட்டது!

விடவில்லை கவாசாகி

அந்தத் திட்டத்தை ஒதுக்கி வைத்தார்கள். அதைவிடப் பெரிய வண்டியைச் செய்யத் தொடங்கினார்கள். 1972-ல் இசட்-1 வெளிவந்தது. 903 சி.சி. எஞ்சின், 82 குதிரை சக்தி. 1973 மார்ச் மாதம் அமெரிக்காவில் உள்ள டேடோனா பந்தய மைதானத்தில், ஓட்டுநர்கள் மாறி மாறி 24 மணி நேரம் அதை ஓட்டினார்கள். சராசரி வேகம் மணிக்கு 176 கிலோமீட்டர். அது அன்று ஒரு சாதனை!

வேகத்தில் கவாசாகிக்கே வெற்றி. ஆனால் சேகரிப்பவர்கள் பார்ப்பது வேகத்தை மட்டும் அல்ல.

கரடுமுரடுக்குக் கிராக்கி

ஆண்டுக்கு 1,500 வண்டிகள் விற்றால் போதும் என்றுதான் ஹோண்டா முதலில் கணக்குப் போட்டது. ஆகவே எஞ்சின் பெட்டியை வார்க்க, அதிகச் செலவில்லாத அச்சுகளையே பயன்படுத்தியது. விற்பனையோ எதிர்பாராத அளவுக்குப் பெருகியது. மாதத்துக்கு 1,500 வண்டிகள் செய்தும் போதவில்லை! பிறகுதான் விலை உயர்ந்த அச்சுகள் வந்தன.

அதற்குள் சுமார் 7,400 வண்டிகள் வெளியே போய்விட்டன. அவற்றின் எஞ்சின் பெட்டி சற்றுக் கரடுமுரடாக இருக்கும். மணல் அச்சில் வார்க்காவிட்டாலும், "மணல் வார்ப்பு வண்டி" என்ற பெயர் நிலைத்துவிட்டது. கம்பெனியின் தயக்கத்தால் பிறந்த அந்தக் கரடுமுரடுதான் இன்று பொக்கிஷம்! விற்பனைக்கு முன்பே செய்யப்பட்ட ஒரு மாதிரி வண்டி, 2018-ல் இங்கிலாந்தில் 1,60,000 பவுனுக்கு மேல் ஏலம் போனது.

வாங்குமுன் கவனம்

ஆரம்ப கால ஹோண்டாவில் செயின் அறுந்து எஞ்சின் பெட்டியை உடைப்பது உண்டு. உடைந்த பெட்டியை ஒட்டியிருக்கிறார்களா, மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் சரிபார்க்க வேண்டும்.

கவாசாகியில் புகைக்குழாய்களைப் பார்க்க வேண்டும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு குழாய்கள் உண்டு. அவை துருப்பிடித்ததும், நான்கையும் கழற்றிவிட்டு வேறு குழாய் மாட்டியவர்கள் பலர். முதல் ஆண்டின் கறுப்பு வர்ண எஞ்சினும் நான்கு அசல் குழாய்களும் சேர்ந்து கிடைத்தால் அதிர்ஷ்டமே!

முதலில் வந்த பெருமை வேண்டுமா? ஹோண்டா. வேகம் வேண்டுமா? கவாசாகி. எதுவானாலும், பளபளப்பைக் கண்டு மயங்கக் கூடாது. தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த பாகங்களோடு இன்றும் நிற்கும் வண்டிக்குத்தான் ராஜ மரியாதை!