சிமென்ட் சூளையும் 27 விதிகளும்

சிமென்ட் ஆலையின் சுழலும் சூளையை ஆலைக்காரர்கள் ‘கில்ன்’ என்பார்கள். லேசாகச் சரித்துப் படுக்கவைத்த ராட்சத இரும்புக் குழாய் அது. உள்சுவர் முழுக்கத் தீச்செங்கல். மேல்முனை வழியாக அரைத்த சுண்ணாம்புக்கல் கலவை உள்ளே போகும். கீழ்முனையில் பர்னர் எரியும். குழாய் மெதுவாகச் சுழலச் சுழலக் கலவை தீயை நோக்கி நகர்ந்துவரும். ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸில் ஓரளவு உருகி, கிளிங்கர் எனப்படும் கருஞ்சாம்பல் நிற உருண்டைகளாக வெளியே விழும். அரியலூரிலும் டால்மியாபுரத்திலும் இதுதான் நடக்கிறது, டென்மார்க்கிலும் இதுதான்.

இந்தச் சூளையை ஓட்டுவது லேசுப்பட்ட வேலையல்ல. உள்ளே நடப்பதை நேராக அளப்பது கடினம். வெக்கையும் புழுதியும் எந்தக் கருவியையும் விட்டுவைக்காது. அந்தக் காலத்து ஆபரேட்டர்கள் நீலக் கண்ணாடி வழியாகத் தீயின் நிறத்தைப் பார்ப்பார்கள். சூளையைச் சுழற்றும் மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கவனிப்பார்கள். கலவை நன்றாக வெந்து பிசுபிசுத்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும், மோட்டார் திணறும். பின்முனையில் வெளியேறும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது இன்னொரு துப்பு. இவற்றையெல்லாம் வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டும். அதோடு, இப்போது எரிபொருளைக் கூட்டினால் அதன் முழு விளைவு தெரிய நேரம் பிடிக்கும். பொறுமையில்லாதவர் அதற்குள் இன்னொரு முறை கூட்டிவிடுவார். அப்புறம் சூளை அளவுமீறிச் சூடாகும், குறைப்பார், ஆறிப்போகும். ஒரு ஷிப்ட் இப்படியே ஊசலாடிக் கழியும்.

1972-ல் அமெரிக்காவில் கர்ட் பெரே, ஜோசப் வாடெல் ஆகிய இருவர் சுழல் சூளை பற்றி ஒரு கையேடு வெளியிட்டார்கள். ஆபரேட்டர்களுக்கான பாடநூல். அதில் ஓர் அட்டவணை. சூளையில் கவனிக்க வேண்டியவை மூன்று: எரிபகுதியின் வெப்பம், ஆக்சிஜன் சதவீதம், பின்முனை வெப்பம். ஒவ்வொன்றும் குறைவாகவோ சரியாகவோ அதிகமாகவோ இருக்கலாம். மூன்றை மூன்றால் பெருக்கி, மறுபடியும் மூன்றால் பெருக்கினால் 27. அந்த 27 நிலைகளுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு விதி எழுதிவைத்திருந்தார்கள்.

ஓர் உதாரணம். எரிபகுதி சரி, பின்முனை சரி, ஆக்சிஜன் மட்டும் குறைவு. அப்படியென்றால் எரிபொருள் காற்றுக்குத் திண்டாடுகிறது. எரிபொருளைச் சற்றே குறை. இதே நிலையில் பின்முனையும் அதிகச் சூடாக இருந்தால்? எரிபொருளைக் குறைப்பதோடு புகையை இழுக்கும் ஃபேனின் வேகத்தையும் குறை. இல்லாவிட்டால் வெப்பம் பின்பக்கமாகவே ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் சரியாக இருக்கும் நிலைக்கும் ஒரு விதி உண்டு: எதையும் தொடாதே, ஆனால் கண்ணை எடுக்காதே. சும்மா இருப்பதை ஒரு விதியாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியவருக்குச் சூளையோடு நெடுநாள் பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

இந்த அட்டவணையை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் என்ன? இங்கேதான் ‘சற்றே’ என்ற சொல் இடறியது. ‘குறைவு’ என்றால் எவ்வளவு குறைவு? தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று தண்ணீர் தெளித்துப் பார்ப்பவரிடம் எத்தனை டிகிரி என்று கேட்டால் என்ன சொல்வார்? ஆக்சிஜன் 1.5 சதவீதத்துக்குக் கீழே போனால் ‘குறைவு’ என்று கோடு கிழித்தால், 1.51-ல் கம்ப்யூட்டர் கையைக் கட்டிக்கொண்டிருக்கும், 1.49-ல் திடீரென்று எரிபொருளைப் பிடித்து வெட்டும். எந்த ஆபரேட்டரும் அப்படிச் செய்ய மாட்டார்.

வழி ஏற்கெனவே இருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் லாட்ஃபி ஜாதே 1965-ல் ‘ஃபஸி’ கணங்கள் என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு பொருள் ஒரு வகையில் சேரும் அல்லது சேராது என்பதற்குப் பதிலாக, எவ்வளவு சேரும் என்று கேட்கும் கணிதம் அது. நம் ஊர் வாஷிங் மெஷின் விளம்பரங்களில் ‘ஃபஸி லாஜிக்’ என்று கூவி விற்றார்களே, அதன் மூலம் இதுதான். தான்சானியாவில் பிறந்து, இந்தியாவில் பொறியியல் படித்து, லண்டன் குயின் மேரி கல்லூரியில் பணியாற்றிய இப்ராஹிம் மம்தானியும் அவருடைய மாணவர் அசிலியனும் 1970களின் நடுவில் ஒரு சிறிய நீராவி எஞ்சினை இந்த முறையில் ஓட்டிக்காட்டினார்கள். ‘அழுத்தம் கொஞ்சம் குறைவாக இருந்து, அது மேலும் குறைந்துகொண்டிருந்தால், வெப்பத்தை நன்றாகக் கூட்டு’ என்கிற மாதிரி விதிகள்தான்.

டென்மார்க்கின் எஃப்.எல்.ஸ்மித், உலகெங்கும் சிமென்ட் ஆலைகள் கட்டிக்கொடுத்த நிறுவனம். அதன் பொறியாளர்கள் ஹோல்ம்பிளாடும் ஓஸ்டர்கார்டும் மம்தானியின் முறையையும் ஆபரேட்டர் கையேட்டு விதிகளையும் சேர்த்துப் பிடித்தார்கள். 1970களின் இறுதியில் நிஜச் சூளையில் சோதனை. 1982-ல் ஆய்வுக் கட்டுரை. ஃபஸி முறை ஆய்வகத்தை விட்டு ஆலைக்குள் நுழைந்த முதல் பெரிய வெற்றி இது.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஆக்சிஜன் இப்போது 1.4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இது ‘குறைவு’ என்ற வகையில் 0.4 அளவுக்கும் ‘சரி’ என்ற வகையில் 0.6 அளவுக்கும் சேருவதாகக் கணக்கு. ‘குறைவு’ விதி எரிபொருளைக் குறைக்கச் சொல்கிறது. ‘சரி’ விதி சும்மா இருக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் அவற்றின் எடைக்கேற்பக் காதுகொடுத்து, நடுவே ஓர் அளவை எடுக்கிறது கம்ப்யூட்டர். எரிபொருள் கொஞ்சமாகக் குறைகிறது. சில நிமிடங்களுக்குப் பின் மறுபடியும் அதே கணக்கு.

இந்தக் கம்ப்யூட்டர் தலைசிறந்த ஆபரேட்டரைவிடக் கெட்டிக்காரன் அல்ல. அவருடைய கவனம் பின்னிரவு மூன்று மணிக்குத் தளரும், இதற்குத் தளராது என்பதுதான் வித்தியாசம். என் பார்வையில் அதைவிடப் பெரிய லாபம் வேறொன்று. விதியைக் காகிதத்தில் அச்சிட்டுக் கன்ட்ரோல் ரூமில் வைக்கலாம். ‘நம்ம சூளைக்கு இது ஒத்துவராது, ஃபேனை முதலில் தொட வேண்டும்’ என்று இருபது வருட அனுபவசாலி ஒருவர் அதன் மேல் பேனாவால் அடித்துத் திருத்தலாம். ஆயிரக்கணக்கான எண்களுக்குள் தன் முடிவைப் புதைத்துவைத்திருக்கும் இன்றைய இயந்திரக் கற்றல் முறைகளிடம் அப்படிச் சண்டை போட முடியாது.

அதே ஆலையில் இன்னொரு வகை விதியும் இருக்கிறது. அதில் ‘சற்றே’ கிடையாது. புகையிலுள்ள புழுதியைப் பிடிக்கப் பல ஆலைகளில் உயர் மின்னழுத்த வடிகட்டி வைத்திருப்பார்கள். எரிபொருள் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு பெருகி அதற்குள் போனால், ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். ஆகவே வாயு குறிப்பிட்ட அளவைத் தொட்டவுடன் வடிகட்டியின் மின்சாரம் துண்டிக்கப்படும். சிறிது நேரம் புழுதி ஊர்மேல் போகும். பக்கத்து ஊர்க்காரர்கள் திட்டுவார்கள். இருந்தாலும் துண்டிக்கத்தான் வேண்டும். இத்தகைய கட்டாயத் தடைக்கு ‘இன்டர்லாக்’ என்று பெயர். சூளையை ஓட்டும் விதிகள் நயமாகப் பேரம் பேசலாம். காக்கும் விதி பேரம் பேசாது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைக்காமலிருப்பதுதான் நல்ல வடிவமைப்பு.

ஜப்பானின் செண்டாய் நகரில் 1987-ல் திறக்கப்பட்ட சுரங்க ரயில் இந்தப் பிரிவினையை அழகாகக் கடைப்பிடித்தது. ஹிட்டாச்சி நிறுவனத்தார் செய்த கட்டுப்பாட்டு முறையில் ஒரு புதுமை இருந்தது. பிரேக்கை எந்தப் படியில் வைப்பது என்று முடிவெடுக்கும் முன், ஒவ்வொரு படிக்கும் ‘இப்படிச் செய்தால் வண்டி எங்கே போய் நிற்கும், பயணிகள் எவ்வளவு குலுங்குவார்கள்’ என்று கம்ப்யூட்டர் ஒரு குட்டி ஒத்திகை பார்த்துவிடும். பிறகு விதிகள் அந்த ஒத்திகைகளை எடைபோடும். படியை மாற்றாமலே சரியான இடத்தில் நிற்கும் என்றால் மாற்றாதே என்பதும் அவற்றில் ஒன்று. சூளைக் கையேட்டின் ‘எதையும் தொடாதே’ இங்கேயும் வந்துவிட்டது! வேக வரம்பை மீறாமல் காப்பது வேறொரு தனிக் கருவியின் வேலை. ஃபஸி விதிகளுக்கு அதில் கைவைக்க உரிமையில்லை.

ஒத்திகை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விதிகளைத் தனித்தனியாகப் படித்தால் அவை சேர்ந்து என்ன செய்யும் என்று தெரியாது. ஜெர்மனியின் நாகல், ஷ்ரெக்கன்பெர்க் இருவரும் 1992-ல் நெடுஞ்சாலைப் போக்குவரத்துக்கு ஒரு மாதிரியை உருவாக்கினார்கள். வண்டிகளுக்கு நான்கே விதிகள்: முடிந்தால் வேகம் கூட்டு, முன்வண்டி நெருங்கினால் குறை, எப்போதாவது காரணமில்லாமல் சற்றுத் தயங்கு, நகர். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தால், விபத்தும் இல்லாமல் சிக்னலும் இல்லாமல் நெரிசல் தானாகவே முளைத்துப் பின்னோக்கி நகர்கிறது. அந்த நான்கு வரிகளில் எதிலும் ‘நெரிசல்’ கிடையாது.

விதிகள் கூடிச் செய்யும் இந்தக் குறும்பு ஆலையில் நடந்தால் என்னவாகும் என்பதை 1994 ஜூலை 24 காட்டியது. வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவனில் டெக்சாகோ சுத்திகரிப்பு ஆலை. காலையில் இடிமின்னல், ஆலை தடுமாறியது. ஒரு வால்வு உண்மையில் மூடியிருக்க, திரை அதைத் திறந்திருப்பதாகக் காட்டியது. வெளியேற வழியில்லாத கலத்துக்குள் எண்ணெய் மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தது. கன்ட்ரோல் ரூமில் அலாரங்கள் அலறின. ‘இந்த அளவு மீறினால் அலாரம் அடி’ என்ற ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயமானதே. ஆனால் வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் இரண்டு ஆபரேட்டர்கள்முன் 275 அலாரங்கள் வந்து விழுந்தன. அதாவது ஏறத்தாழ இரண்டரை விநாடிக்கு ஒன்று. படித்துப் பார்க்கவே நேரமில்லை, சிந்திப்பது எங்கே? சுமார் 20 டன் எரிபொருள் கசிந்து வெடித்தது. 26 பேர் காயமடைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. இன்று இத்துறையில் பின்பற்றப்படும் பிரிட்டிஷ் வழிகாட்டி, சாதாரண நேரத்தில் ஓர் ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கு மேல் வரக்கூடாது என்கிறது. அலாரம் சேர்ப்பது எளிது. எவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். எடுப்பதற்குத்தான் துணிவும் ஆராய்ச்சியும் வேண்டும்.

ஆராய்ச்சி இல்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெராக்-25 சாட்சி. கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் செய்த புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் அது. அதற்கு முந்தைய தெராக்-20 இயந்திரத்தில் தவறான நிலையில் கதிர் பாயாமல் தடுக்கத் தனி மின்சுற்றுகள், அதாவது இன்டர்லாக்குகள், இருந்தன. புதிய மாடலில் அவற்றில் பலவற்றை நீக்கிவிட்டு அந்தப் பொறுப்பை மென்பொருளிடம் கொடுத்தார்கள். 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 பேர் மீது அளவுக்குப் பன்மடங்கு மேலான கதிர் பாய்ந்தது. சிலர் அதனாலேயே இறந்தார்கள்.

கடைசி விபத்தின் காரணத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மென்பொருளில் ஒரு சிறு எண் இருந்தது. அது பூஜ்யமாக இல்லாவிட்டால் ‘கருவி சரியான நிலையில் இருக்கிறதா என்று சோதி’ என்பது விதி. சோதனை தேவை என்று காட்ட அந்த எண்ணை 1 என்று வைத்திருந்தால் போதும். எழுதியவரோ ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகும்படி எழுதியிருந்தார். எண் இருந்த இடத்தில் 255 வரைதான் அடங்கும். அடுத்த கூட்டலில் பூஜ்யமாகிவிடும். ஆக, 256 சுற்றுக்கு ஒருமுறை, ஒரு கணம், சோதனையே நடக்காது. அந்தக் கணத்தில் ஆபரேட்டர் பொத்தானை அழுத்தினார்.

முந்தைய விபத்துகளில் சிலவற்றுக்குக் காரணமான இன்னொரு மென்பொருள் பிழை பழைய தெராக்-20-லும் இருந்தது பிற்பாடு தெரியவந்தது. அங்கே யாரும் சாகவில்லை. ஃபியூஸ் போயிற்று, அவ்வளவுதான். இன்டர்லாக் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது காப்பாற்றிக்கொண்டிருப்பதை எவரும் கவனிக்கவில்லை. கவனிக்காததால், தேவையில்லை என்று தோன்றிவிட்டது.

இதனால்தான் மென்பொருளை எழுதுகிறவருக்கும் விதிகள் வந்தன. பிரிட்டனின் கார்த் தொழில் அமைப்பான மிஸ்ரா 1998-ல், சி மொழியில் எழுதுவோருக்கு 127 விதிகளை வெளியிட்டது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மேன் 2006-ல் பத்தே விதிகள் போதும் என்றார்: ஒவ்வொரு சுழற்சிக்கும் மேல்வரம்பு இருக்க வேண்டும், ஒரு செயற்கூறு ஒரு தாளுக்குள் அடங்க வேண்டும், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் எச்சரித்தால் ஒன்றைக்கூட விடாமல் தீர்க்க வேண்டும் என்று போகும் அந்தப் பட்டியல். நூற்றுக்கு மேற்பட்ட விதிகளை யாரும் மனத்தில் வைத்திருக்க முடியாது என்பது அவருடைய வாதம். மில்ஃபோர்ட் ஹேவன் அலாரங்களை நினைத்துப் பார்த்தால் அவர் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது.

இன்று சூளைகளுக்குள் இயந்திரக் கற்றல் வந்துகொண்டிருக்கிறது. எரிபொருளை மிச்சம் பிடிக்கிறது, கிளிங்கரின் தரத்தை முன்கூட்டிச் சொல்கிறது, வரட்டும். ஆனால் வடிகட்டியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் முடிவு அதன் கையில் இல்லை. ஆலைப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலை ஐஇசி 61508, காப்புக் கருவிகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. மென்பொருள் தன் கோளாறைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தானே சரிசெய்துகொள்வதை, அது இரண்டாம் நிலையிலிருந்து நான்காம் நிலை வரை பரிந்துரைக்கவில்லை. 2010-ல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அந்த வரி அப்படியேதான் இருக்கிறது.