அம்மா விட்ட கட்டம்

எண்ணும் எந்திரமும் – 14

லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் வைப்பதைப் போன வாரம் பார்த்தோம். வீட்டிலிருந்து ஏதாவது ஒரு கணக்கை எடுத்து அப்படி எழுதிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். நானும் எழுதினேன். கையில் கிடைத்தது, சமையலறைக் காலண்டரில் அம்மா குறித்துவைக்கும் பால் கணக்கு. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் இரண்டு எண்கள்: மேலே காலைப் பால், கீழே மாலைப் பால், லிட்டரில்.

திங்கள் முதல் புதன் வரை தட்டினால் இப்படி வரும்:

[[1, 1.5, 1], [1, 0.5, 1]]

முதல் உள் லிஸ்ட் காலை, அடுத்தது மாலை. இதைப் பைத்தானின் நம்பை நூலகத்தில் உள்ள ‘அரே’ என்ற ஃபங்ஷனிடம் கொடுத்தால் அணி தயார். ஷேப் (வடிவம்) கேட்டால் (2, 3) என்கிறது: வெளியே இரண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று. தொடக்கத்தில் எத்தனை சதுர அடைப்புகள் அடுத்தடுத்துத் திறக்கின்றனவோ, அத்தனை பரிமாணம். நான்கு வாரக் கணக்கை வாரம், வேளை, நாள் என்று அடுக்கினால் மூன்று அடைப்புகள் திறக்கும். ஷேப் (4, 2, 7), மொத்தம் 56 எண்கள்.

லிஸ்ட்டாகவே வைத்துக்கொண்டால் என்ன? லிஸ்ட்டுக்குள் எண் இருப்பதில்லை, எண் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் முகவரி தேடிப் போய்வர வேண்டும். அணியிலோ 56 எண்களும் ஆளுக்கு 8 பைட் வீதம், 448 பைட்டுக்குள் ஒரே வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். வாரம், வேளை, நாள் எல்லாம் அந்த வரிசைக்குப் பக்கத்தில் எழுதிவைத்த குறிப்பு மட்டுமே. மூன்றாம் வாரப் புதன் மாலை எங்கே? பைத்தான் 0-இலிருந்து எண்ணும். ஆகவே 2×14 + 1×7 + 2 = 37. தேட வேண்டியதில்லை, நேராகப் போய் எடுத்துவிடலாம்.

இந்தப் பெருக்கல் பலிக்க வேண்டுமென்றால் எல்லா வரிசையும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், எல்லா எண்ணும் ஒரே வகையாக இருக்க வேண்டும். நான் மாட்டிக்கொண்டது இந்த இரண்டிலும்தான்.

இரண்டாம் வாரச் சனிக்கிழமை மாலைக் கட்டத்தில் அம்மா “வரலை” என்று எழுதியிருந்தார். நானும் அந்த வாரத்தை மட்டும் அப்படியே தட்டினேன். நம்பை முணுமுணுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக மற்ற எல்லா எண்களையும் எழுத்தாக்கிவிட்டது. 1.5 இப்போது எண் இல்லை, ‘1.5’ என்ற எழுத்துக்கோவை. ஓர் இடத்துக்கு 8 பைட் போதுமாக இருந்தது 128 ஆகிவிட்டது. கூட்டச் சொன்னால் பிழை. முழு எண்களோடு 0.5 சேர்ந்தபோது எல்லாம் தசமமானதும் இதே வழக்கப்படிதான். அங்கே நஷ்டமில்லை, இங்கே கணக்கே போனது.

கடைசி ஞாயிறு மாலைக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதை விட்டுவிட்டுத் தட்டினேன். ஒரு வரிசையில் ஏழு, இன்னொன்றில் ஆறு. இம்முறை நம்பை வாங்கவே மறுத்தது: வடிவம் ஒரே சீராக இல்லையாம். முன்பு இப்படி மறுக்காது. 2005-இல் டிராவிஸ் ஓலிபன்ட் என்பவர் நியூமரிக், நம்அரே என்ற இரண்டு பழைய நூலகங்களை ஒன்றாக்க உட்கார்ந்து உருவாக்கியது நம்பை. மேடுபள்ளமான லிஸ்ட்டைக் கொடுத்தால் அது நெடுங்காலம் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டது. வெளியே அணி, உள்ளே பழையபடி லிஸ்ட்கள். பிழை எங்கோ பத்து வரி தாண்டி வெடிக்கும். 2020-இல் எச்சரிக்கத் தொடங்கியது. 2022 டிசம்பரில் வந்த 1.24 பதிப்பிலிருந்து வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. எனக்கு இந்தக் கறார் பிடித்திருக்கிறது.

விடுபட்ட இடத்தை எப்படி நிரப்புவது? 0 போடலாம். அல்லது ‘எண் அல்ல’ என்று பொருள்படும் ‘நேன்’ என்ற மதிப்பைப் போடலாம். தசம வகையைச் சேர்ந்தது என்பதால் அணியின் வகை கெடாது. இரண்டும் ஒன்றல்ல. 0 என்றால் பால் வாங்கவில்லை. நேன் என்றால் தெரியாது. சராசரி எடுக்கும்போது 0 கணக்கில் சேரும். நேனை ஒதுக்கிவிட்டுச் சராசரி காணத் தனி ஃபங்ஷனே இருக்கிறது.

எதைப் போடுவது என்று நம்பையைக் கேட்டுப் பயனில்லை. காலண்டரோடு அம்மாவிடம் போனேன்.

“சனிக்கிழமை பால்காரர் வரலை. அதான் எழுதியிருக்கேனே.”

அங்கே 0.

“ஞாயித்துக்கிழமை ஏம்மா ஒண்ணும் போடலை?”

சற்று யோசித்தார். “வாங்கினேன்னுதான் நினைக்கிறேன். எவ்வளவுன்னு ஞாபகம் இல்லடா.”

அங்கே நேன். அணி ஒருவழியாக முழுதாயிற்று.

காலைக்கு எவ்வளவு, மாலைக்கு எவ்வளவு என்று இதைத் தனித்தனியாகக் கூட்ட, எந்தத் திசையில் கூட்டுவது என்று சொல்ல வேண்டும். அந்தத் திசைக் குழப்பம் அடுத்த வாரம்.

(தொடரும்)