விற்ற வீட்டைக் காலி செய்வது: என் எக்ஸெல் பட்டியலில் விடுபட்ட ஒரு கட்டம்

கொடைக்கானல் வீட்டை வித்தாச்சு. பெருமாள்மலைப் பக்கம் இரண்டு படுக்கையறை, ஒரு கணப்பு, பின்னால் காவல்காரர் குடும்பத்துக்கு ஒரு சின்ன அவுட்ஹவுஸ். 2012ல் வாங்கி, 2013லேர்ந்து 2024 வரைக்கும் சுற்றுலா வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விட்ட வீடு.

வீடு விற்பது பற்றி வில்லங்கச் சான்றிதழ், பட்டா, முத்திரைத்தாள் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பத்திரம் பதிந்த பிறகு உள்ளே கிடக்கும் சாமான்களை என்ன செய்வது என்று யாரும் பெரிதாக எழுதுவதில்லை. நான் தேடினேன், சரியாகக் கிடைக்கவில்லை. அதனால் நானே செய்த தப்பையும் சேர்த்து இந்தக் குறிப்பு.

முதலில் தப்பைச் சொல்லிடறேன். வாங்குபவரும் அதை வாடகைக்குத்தான் விடப்போகிறார். "சாமான் லிஸ்ட் ஒண்ணு குடுங்க சார், வேணுங்கிறதை டிக் பண்ணித் தர்றேன்" என்றார். என்னிடம் பழைய எக்ஸெல் ஒன்று இருந்தது. 214 வரிசை. பொருள், எண்ணிக்கை, எந்த அறை, எந்த வருஷம், என்ன நிலைமை என்று ஐந்து கட்டம். பெருமையாக அனுப்பி வைத்தேன். அவர் 60 வரிசையை டிக் செய்து, மொத்தமாக ஒரு விலை பேசினார். அதையும் அக்ரிமெண்டோடு இணைத்துக் கையெழுத்துப் போட்டாச்சு. மற்றதை 15 நாளில் நான் காலி செய்து சாவி தரணும்.

காலி செய்யப் போன முதல் நாள், வீட்டைப் பார்த்துக்கிட்ட அக்கா வாசல்ல நின்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க: "தம்பி, உள் ரூம்ல இருக்குற மர பீரோ எங்கம்மா வீட்டுல குடுத்தது. அவுட்ஹவுஸ் ஒழுகுதுன்னு நீங்கதானே உள்ள வைக்கச் சொன்னீங்க?" நான்தான் சொன்னேன். வரிசை 137: பீரோ, மரம், 1. அதில் டிக்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன்.

வீட்டோடு போவது எது?

1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. அதன் 8ஆம் பிரிவு, வீட்டை மாற்றிக் கொடுத்தால் அதோடு பூட்டு, சாவி, கம்பி, கதவு, ஜன்னல், அந்த வீட்டின் நிரந்தர உபயோகத்துக்காக வைத்த மற்றவை எல்லாம் சேர்ந்து போகும் என்கிறது. வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, இதுதான் நிலை. 3ஆம் பிரிவு 'நிலத்தோடு பிணைந்தது' என்றால் மூன்று வகை என்கிறது: மரம் செடி போல வேரூன்றியது, சுவர் போலப் பதிந்தது, அப்படிப் பதிந்ததோடு அதன் நிரந்தரப் பயனுக்காக இணைத்தது.

மூன்றாவதில்தான் சண்டை வரும். கீசர் சுவரில்தான் இருக்கிறது. படமும் சுவரில்தான் இருக்கிறது. ஸ்க்ரூ போட்டதெல்லாம் வீட்டோடு போகுமா?

இதற்கு 1872ல் இங்கிலாந்தில் நடந்த ஹாலண்ட் எதிர் ஹாட்ஜ்சன் வழக்கில் ஒரு அழகான விளக்கம் இருக்கிறது. ஒரு மில் தரையில் ஆணியடித்து நிறுத்திய தறிகள் கட்டடத்தைச் சேர்ந்தவையா என்பது வழக்கு. நீதிபதி பிளாக்பர்ன் சொன்ன உதாரணத்தை நம்ம ஊர் பாஷையில் சொல்கிறேன். சாந்து பூசாமல் கல்லை அடுக்கி வேலிச்சுவர் கட்டினால், எதோடும் ஒட்டாவிட்டாலும் அது நிலத்தைச் சேர்ந்தது. அதே கல்லை வியாபாரி தன் கிடங்கில் அதே மாதிரி அடுக்கி வைத்தால், அது வெறும் சரக்கு. எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்பதோடு, எதற்காக வைத்தார்கள் என்பதையும் பார்க்கணும். தறிகளைப் பொறுத்தவரை, அவை கட்டடத்தைச் சேர்ந்தவை என்றே தீர்ப்பு வந்தது.

இதை வைத்து என் பட்டியலைத் திரும்பப் பிரித்தேன். கீசர், தண்ணீர் மோட்டார், கணப்பில் பதித்த இரும்புச் சட்டம், சுவரோடு கட்டிய மேடை எல்லாம் வீட்டோடு. கட்டில், மெத்தை, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், படங்கள் எல்லாம் அசையும் பொருள். அவை தனி விலை, தனிப் பட்டியல். கணப்புச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வரலாம் என்று ஒரு ஆசை இருந்தது. வேண்டாம்னு விட்டுட்டேன். அது வேலிச்சுவர்க் கல்.

என்னுடையது அல்லாததை நான் விற்க முடியுமா?

முடியாது. 1930ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இதைச் சொல்கிறது: உரிமையாளரின் அனுமதி இல்லாமல் வேறொருவர் விற்றால், விற்றவருக்கு இருந்த உரிமைக்கு மேல் வாங்கியவருக்கு எதுவும் கிடைக்காது. விதிவிலக்குகள் உண்டு. ஆனால் பீரோவில் எனக்கு இருந்த உரிமை பூஜ்யம். பூஜ்யத்தைத்தான் விற்றிருக்கிறேன்.

மறுநாள் காலையில் வாங்கியவருக்குப் போன் செய்து விஷயத்தை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதி. "அது நல்ல பழைய மரம் சார், அதைப் பார்த்துத்தான் அந்த விலை சொன்னேன்" என்றார். நியாயம்தான். பேசின தொகையில் 8,000 குறைத்து, வரிசை 137 நீங்கலாக என்று ஒரு துணைக் கடிதம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அப்புறம் அண்ணனையும் அக்காவையும் கூட வைத்துக்கொண்டு பட்டியல் முழுக்க ஒரு நடை போனோம். அம்மி, இரண்டு அண்டா, ஒரு தையல் மெஷின், நாலு கம்பளி என்று இன்னும் ஏழு வரிசை அவர்களுடையது. பதினோரு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே புழங்கினால் சாமான் கலந்துதான் போகும்.

பொருள் எங்கே இருக்கிறது என்று எழுதிய நான், யாருடையது என்ற கட்டத்தைப் போடவே இல்லை. உள்ளே இருப்பதெல்லாம் என்னுடையது என்று ஒரு டீஃபால்ட் என் மண்டைக்குள் இருந்திருக்கிறது.

சாமான் எங்கே போனது

இன்வெர்ட்டர் பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள். உள்ளே ஈயமும் கந்தக அமிலமும் இருக்கிறது. 2022ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர் பொறுப்பு. கடைக்காரரிடம் கொடுத்தால் ஒரு தொகையும் கிடைக்கும். மலையிறக்கும்போது பேட்டரி நிமிர்ந்தே இருக்கணும்.

ஃபிரிட்ஜும் அப்படித்தான். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். வேறு வழியில்லாமல் படுக்க வைத்தால், நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்து ஆன் பண்ணுங்க. வண்டியில் ஏற்றுவதற்கு முந்தின நாளே துடைத்து, கதவைத் திறந்து உலரவிடணும். கொடைக்கானல் ஈரத்தில் மூடி வைத்த எதுவும் பூஞ்சை பிடிக்கும்.

ஆறு மெத்தையில் இரண்டு பூஞ்சை பிடித்திருந்தது. அதை யாருக்கும் தானமாகக் கொடுக்கவில்லை. நாம் படுக்காத மெத்தையை அடுத்தவருக்குக் கொடுப்பது தானம் இல்லை. மிச்சமிருந்த பாத்திரமும் போர்வையும் ஒரு குட்டியானையில் வத்தலக்குண்டு வழியாகக் கீழே வந்து சேர்ந்தது.

கேஸ் இணைப்பை அப்படியே விட்டு வராதீர்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பும்.

கண்ணுக்குத் தெரியாத சாமான்

வாடகை வீட்டில் இது முக்கியம். ரூட்டரை ரீசெட் பண்ணணும், டிவியில் நம்ம கணக்குகளிலிருந்து வெளியேறணும், டிஜிட்டல் பூட்டின் எண்ணை மாற்றி உரிமையை அவர் பேருக்கு மாற்றித் தரணும், கூகுள் மேப்பில் நம்ம நம்பரை எடுக்கணும்.

அதைவிட முக்கியம், விருந்தினர்களின் ஆதார் நகல்கள். ஒரு பெட்டி முழுக்க இருந்தது. பழைய பேப்பர் கடைக்குப் போயிருந்தால் யார் யாரோ கைக்குப் போயிருக்கும். ஆடிட்டரிடமும் உள்ளூர் ஸ்டேஷனிலும் எதை எவ்வளவு காலம் வைத்திருக்கணும்னு கேட்டு, மற்றதைக் கிழித்து நனைத்துக் கூழாக்கினேன். வாட்ஸ்அப்பில் வந்த நகல்களையும் போனிலிருந்து அழித்தேன்.

பட்டியலில் இல்லாத வரிசை

புது உரிமையாளருக்கு அவர் சொந்த ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் அண்ணனும் அக்காவும் போகவேண்டியதாயிற்று. 2025 வரை நடைமுறையில் இருந்த 1972ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கானது. எனக்குப் பொருந்தாது. ஆனால் அதில் உள்ள கணக்கை யாரும் கடன் வாங்கிக்கொள்ளலாம்: கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வேலை செய்த வருஷத்தால் பெருக்கணும். இருவருக்கும் சேர்த்து மாதம் 13,000. பதினோரு வருஷத்துக்கு 82,500 ரூபாய் வந்தது. கொடுத்தேன். பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டு விலையோடு ஒப்பிட்டால் புரோக்கர் கமிஷனைவிடக் குறைவு.

கடைசி நாள் பீரோவை வில்பட்டியில் அக்காவின் தங்கை வீட்டில் இறக்கினோம். வாசல் நிலையில் இடித்தது, கதவைக் கழற்றித்தான் உள்ளே போனது. "நம்ம வீட்டுக்குள்ள வந்துடுச்சு" என்று அக்கா சொன்னாங்க. அந்தப் பதினோரு வருஷமும் அது என் வீட்டில் இருந்ததாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் இப்படி ஒரு வீட்டை விற்பதாக இருந்தால், அக்ரிமெண்டுக்கு முன்னால், அங்கே வேலை செய்தவர்களோடு ஒரு தடவை அறை அறையாக நடந்து பாருங்கள். பட்டியலில் ஆறாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: யாருடையது?