அச்சேறும் அறிக்கையும் அதன் குறைகளும்

கையால் எழுதிய பட்டியலிற் பிழை காணின் எழுதினவரை வினவுகின்றோம். அச்சில் வந்த பட்டியலையோ ஐயுறாது ஏற்றுக்கொள்கின்றோம். கல்லூரிகளிலும் சங்கங்களிலும் புள்ளிப் பட்டியல், சந்தாக் கணக்கு முதலியன கணினி வழியே அச்சாகி வரும் இக்காலத்தில் இவ்வழக்கம் தீங்கு பயப்பதாகும். ஆதலின், 1992ஆம் ஆண்டில் வெளிவந்து இன்றும் வழக்கிலுள்ள மைக்ரோசொப்ற் அக்செஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் அறிக்கை அச்சிடுங்கால் நேரும் குறைகளையும், அவற்றைக் களையும் நெறியையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

அறிக்கையொன்று தாளை அடையுமுன் நான்கு நிலைகளைக் கடக்கின்றது. அட்டவணை தரவைச் சேமித்து வைக்கின்றது. வினவல் வேண்டியவற்றைத் தெரிந்தெடுக்கின்றது. அறிக்கையின் வடிவமைப்பு அவற்றை ஒழுங்குபடுத்துகின்றது. ஈற்றில் அச்சுப்பொறி தாளிற் பதிக்கின்றது. குறை கண்டவுடன் அச்சுப்பொறியைக் கடிந்துகொள்வது பலரது இயல்பு. முதற்கண் திரையில் முன்னோட்டத்தைப் பார்த்தல் வேண்டும். அக்குறை ஆங்குந் தோன்றுமாயின், காரணம் பெரும்பாலும் முன்னைய மூன்று நிலைகளுள் ஒன்றிலேயே உளதென அறிக.

குறைகள் இருவகைப்படும். அவை கண்ணுக்குப் புலப்படுவனவும் புலப்படாதனவுமாம்.

புலப்படுவனவற்றுள் முதன்மையானது, ஒன்றுவிட்டொரு பக்கம் வெறுந்தாளாக வருதல். ஏ4 தாளின் அகலம் 21 சென்றிமீற்றர். இருபுறமும் 2.5 சென்றிமீற்றர் ஓரம் விட்டால் எஞ்சுவது 16 சென்றிமீற்றரே. அறிக்கையின் அகலம் இதனைச் சிறிது மிஞ்சினும் மிகுதி அடுத்த தாளுக்குச் செல்லும். ஆண்டு எழுத்தொன்றும் இல்லையாயின் தாள் வெறுமையாகும். அகலத்தையேனும் ஓரத்தையேனும் குறைத்தல் இதற்குப் பரிகாரம். அகலம் குறைய மறுப்பின், வலப்புற எல்லையிற் கோடு அல்லது பெட்டி ஏதும் கிடக்கின்றதா எனத் தேடுக. மற்றொன்று, அறிக்கை இப்பொழுது இல்லாத ஓர் அச்சுப்பொறியின் பெயரோடு சேமிக்கப்பட்டிருத்தல். பக்க அமைப்பிற் சென்று, கணினியின் இயல்பான அச்சுப்பொறியைத் தெரிவுசெய்யின் இது தீரும்.

நிற்க. புலப்படாத குறைகளே பெரிதும் அஞ்சத்தக்கன. அவற்றுள் மூன்றைக் கூறுவாம்.

ஒன்று, பெயர் விடுபடுதல். மாணாக்கர் அட்டவணையையும் புள்ளி அட்டவணையையும் வினவல் இணைக்குங்கால், இரண்டிலும் உள்ளோரை மாத்திரமே எடுப்பது அதன் இயல்பு. பரீட்சை நாளில் நோயுற்றிருந்த மாணாக்கனுக்குப் புள்ளிப் பதிவு இல்லையாயின், அவன் பெயரே பட்டியலில் இராது. மாணாக்கர் அட்டவணையிலுள்ள யாவரையும் சேர்க்குமாறு இணைப்பின் வகையை மாற்றுதல் வேண்டும்.

இரண்டு, பெயர் குறைபடுதல். தந்தை பெயரும் தன் பெயருமாக நீண்டு வரும் நம்மவர் பெயர், ஒடுங்கிய பெட்டியில் அடங்காது பாதியில் அறுந்துவிடும். பெட்டியின் 'கேன் குறோ' என்னும் பண்பினை 'யெஸ்' என மாற்றின், அது வேண்டிய அளவு கீழ்நோக்கி விரியும்.

மூன்று, வரிசை பிறழ்தல். புள்ளியை எண்வகைப் புலத்தில் வையாது எழுத்துவகைப் புலத்தில் வைத்தால், கணினி முதல் இலக்கத்தையே முதற்கண் நோக்கும். இறங்கு வரிசையில் 95, 45, 100 என வரும். 100 புள்ளி பெற்றவன் 45 பெற்றவனுக்குப் பின்னே நிற்பான். புலத்தின் வகையை எண்ணாக மாற்றி, அறிக்கையினுள்ளேயே வரிசை முறையையும் வகுத்தல் நன்று.

வெறுந்தாள் வரின் வீணாவது தாள் ஒன்றே. பெயர் விடுபடினோ ஒரு பிள்ளையின் பரிசோ வகுப்பேற்றமோ தவறிப்போகக் கூடும். ஆதலின், அறிக்கையின் ஈற்றிற் பெயர்த்தொகையை எண்ணிக் காட்டும் பெட்டியொன்றை வைத்து, அத்தொகையை வரவு இடாப்பின் தொகையோடு ஒப்பிடுக. மிக நீண்ட பெயரையும், மிகக் கூடிய புள்ளியையும், பரீட்சைக்கு வாராதான் பெயரையும் தேடிப் பார்க்க. இவை மூன்றும் செவ்வனே அமைந்த பின்னரே அதிபரின் கையொப்பத்துக்கு அனுப்புக.